பூட்டியவரே திறக்க வேண்டும்

நிலாவின் தென்முனையில் நம் கலம் இறங்கிய அந்த மாலையில் ஒரகடத்தில் விஞ்ஞானி அல்லாதவர் ஒருவர்கூட இல்லை. டீக்கடைக்காரர் இறங்கு வேகத்தைப் பற்றிப் பேசினார். ஷேர் ஆட்டோக்காரர் எரிபொருள் மிச்சத்தைப் பற்றிப் பேசினார். அரசியல்வாதிகள் பேசி நேரத்தை வீணாக்கவில்லை, நேராகப் பிளெக்ஸ் அடிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் வாலாஜாபாத் சாலை முழுக்க, தலையில் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்துக்கொண்டு நிலாவில் நின்ற ஒன்றியச் செயலாளர்களை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒருவர் வேட்டியோடு மிதந்துகொண்டிருந்தார்.

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் தேசிய விண்வெளிப் பெருமித வாரியம். ராக்கெட் செய்வது வாரியத்தின் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். பெருமிதப்படுவதுதான் வாரியத்தின் வேலை. தென்மண்டல அலுவலகத்தை ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் திறந்தார்கள். மண்டல இயக்குநராக வெங்கடேசன் வந்தார். இதற்கு முன் கைத்தறிப் பெருமிதத்திலும், அதற்கு முன் சிறுதானியப் பெருமிதத்திலும் இருந்தவர். பெருமிதப்படுவதில் அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் உண்டு.

ஆனால் நிலா தேய்ந்துவிட்டது. முதல் வருடம் தலைவர்கள் மேடை ஏறினால் அரைமணி நேரம் விண்வெளி பேசினார்கள். அடுத்த வருடம் அது இரண்டு நிமிடமானது. அதற்கடுத்து "மற்றும் பல துறைகளில்" என்ற சொற்றொடருக்குள் விண்வெளியும் அடங்கிவிட்டது. துறையை எந்த அமைச்சரும் தனியாக வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கல்யாண வீட்டில் பரிசாக வந்த நாலாவது சுவர்க் கடிகாரம் மாதிரி, அதை ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குக் கூடுதல் பொறுப்பு என்று பெயர்.

வெங்கடேசனுக்குப் பயம் வந்துவிட்டது. பெருமிதம் குறைந்தால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். உடனே ஒரு திட்டம் எழுதினார். 'விண்ணில் ஒரு முற்பகல்' என்று பெயர். ஒரு விண்கலக் கூண்டு செய்வது, அதற்குள் ஒரு சாதாரணக் குடிமகனை உட்கார வைப்பது, அமைச்சர் வந்து கதவை மூடுவது, இரண்டு மணி நேரம் கழித்து அவரே கதவைத் திறந்து அந்தக் குடிமகனைப் பூமிக்கு வரவேற்பது. திட்டம் அவ்வளவுதான்.

கூண்டை வல்லத்தில் தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒரு பட்டறைக்காரர் இரும்புத் தகட்டில் செய்து கொடுத்தார். கவிழ்த்து வைத்த இட்லிக் குண்டான் போல இருந்தது. குறுக்கே நடந்தால் ஐந்து தப்படி. ஒரு கதவு. பேங்க் கவுண்டரில் இருப்பதுபோல் கை மட்டும் நுழைகிற ஒரு வட்ட ஜன்னல். ஒரு மைக். ஒரு மின்விசிறி. மூலையில் திரை போட்டு ரயில் பெட்டியில் இருப்பது போன்ற ஒரு கழிப்பிடம். அது படத்தில் இருந்ததால் பட்டறைக்காரர் வைத்துவிட்டார். அதுதான் பின்னால் கை கொடுத்தது.

சாதாரணக் குடிமகன் வேண்டும் என்று சாலைக்கு எதிரே இருந்த தொழிற்சாலையைக் கேட்டார்கள். தொழிற்சாலையின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே மனிதவளப் பிரிவில் இருந்த கனகலட்சுமி, கன்னியப்பனை அனுப்பி வைத்தார்.

கன்னியப்பனுக்கு முப்பத்தொன்பது வயது. சொந்த ஊர் எழிச்சூர். அவர் அப்பா கேழ்வரகு போட்ட இடத்தில்தான் இன்று அந்தத் தொழிற்சாலையின் பைக் ஸ்டாண்டு இருக்கிறது. பதினொரு வருடமாக அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் விடாமல் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் நாள் அந்தப் பக்கம் ஏறுவதற்குள் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை எடுத்துவிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்து, வேறொரு ஒப்பந்தக்காரர் பெயரில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். இதை பிரேக் என்பார்கள். கன்னியப்பனுக்கு ஐந்து முறை பிரேக் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பழைய லைனில், பழைய இயந்திரத்தில், புதிய ஆளாகச் சேர்ந்தார்.

இந்த வருடம் சங்கத்துக்காரர்கள் சத்தம் போட்டதில், ஏழு பேரை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொன்னது. பட்டியலில் ஐந்தாவது பெயர் கன்னியப்பன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். வராதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். விண்வெளிக்குப் போக வேண்டியது திங்கட்கிழமை காலை, இரண்டே மணி நேரம். கன்னியப்பன் வெள்ளிக்கிழமைக்குப் போடச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

இனி நடந்ததற்குக் காரணம் கன்னியப்பன்தான். அதை மறைப்பதற்கில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் ஆள் இறங்கிப் பழுது பார்க்கும்போது, சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன்னுடைய பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'பூட்டியவரே திறக்க வேண்டும்' என்று அதில் அச்சடித்திருக்கும். சாவி பூட்டியவரின் பையில் இருக்கும். முதலாளியே வந்தாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. நாலு வருடத்துக்கு முன் அப்பாவு என்பவர் தகடு அழுத்தும் இயந்திரத்துக்குள் கை விட்டிருந்தபோது, ஓர் அவசரக்காரர் அவர் பூட்டை உடைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார். அப்பாவுக்கு மூன்று விரல் போய்விட்டது. அந்த விரல்களை ஐஸ் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆம்புலன்சில் போனவர் கன்னியப்பன். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு அட்டை அவருக்குச் சாமி படம் மாதிரி. பூட்டும் அட்டையும் எந்நேரமும் பேண்ட் பையிலேயே இருக்கும்.

திங்கட்கிழமை விழாவில் இணையமைச்சர் பேசினார்.

"எனக்கு விண்வெளி மிகவும் பிடிக்கும். சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்திருக்கிறேன். இந்தத் துறையைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தபோது இது என்ன துறை என்று கேட்டேன். விண்வெளி என்றார்கள். அங்கே எத்தனை ஓட்டு என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை."

கைதட்டினார்கள். கன்னியப்பன் வெள்ளை உடுப்பில் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். அமைச்சர் கதவை மூடினார். வெளியே ஒரு கொக்கிதான் இருந்தது. கொக்கியை மாட்டுகிற அமைச்சரைப் படம் எடுத்தால் ஆட்டுக்கொட்டகையை மூடுவது போல இருக்கிறது என்று போட்டோக்காரர் குறைப்பட்டார். வெங்கடேசனின் முகம் வாடிவிட்டது.

கன்னியப்பனுக்குப் பாவமாக இருந்தது. வட்ட ஜன்னல் வழியாகப் பூட்டையும் அட்டையையும் நீட்டினார். "ஐயா, ஆளு உள்ள கீறப்ப வெறும் கொக்கி கூடாதுங்க. இத்தப் போடுங்க. பூட்டுனவங்கதான் தெறக்கணும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அமைச்சருக்கு அது பிடித்துவிட்டது. அட்டையில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிக் காட்டினார். நாற்பது படம் எடுத்தார்கள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

சாப்பாட்டில் பாயசம் வருவதற்குள் அமைச்சருக்கு டெல்லியிலிருந்து போன் வந்தது. இலாகா மாற்றம். விண்வெளி அவரிடமிருந்து எடுக்கப்பட்டு இன்னொருவருக்குக் கூடுதல் பொறுப்பாகிவிட்டது. அவருக்குக் கால்நடை கிடைத்தது. மிகுந்த சந்தோஷத்தோடு மீனம்பாக்கம் புறப்பட்டார், சட்டைப் பையோடு.

மூன்று மணிக்கு வெங்கடேசன் மேடை மைக்கைப் பிடித்தார். "கன்னியப்பன், நிலைமை சீராக இருக்கிறது. நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?"

"சார், மணி மூணாவுது. எனுக்கு செகண்ட் ஷிஃப்டு போவணும்."

"சிறு நிர்வாகத் தாமதம். நாடு உங்களோடு இருக்கிறது."

"இருக்கட்டும் சார். சாவி யார்கிட்ட கீது?"

சாவி டெல்லி விமானத்தில் இருந்தது. மறுநாள் வெங்கடேசன் பழைய அமைச்சரின் அலுவலகத்துக்குப் பேசினார். இன்னொரு அமைச்சகத்தின் கதவில் கால்நடைத் துறை தலையிடுவது மரபல்ல என்று பதில் வந்தது. புதிய அமைச்சரின் அலுவலகத்துக்குப் பேசினார். அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னார். அப்படியானால் அவர் பூட்டியதை எங்கள் அமைச்சர் திறந்தால் அது அவருடைய விழாவாகத்தானே ஆகும், எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று வெங்கடேசனே ஒப்புக்கொண்டார். புதன்கிழமை திறப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் ஐந்து பேர். அவர்களில் இருவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, அதனால் அவர்கள் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

உள்ளே கன்னியப்பன் முதல் நாள் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் நடந்தார். ஐந்து தப்படி போய், ஐந்து தப்படி வந்தார். வெயிலில் தகடு காய்ந்தது. மின்விசிறி அனலை எடுத்து அவர் மேலேயே வீசியது. அவர் மனைவி லீலா எழிச்சூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் தந்தாள். தட்டு நுழையாது, பொட்டலம் நுழையும். மகள் ஒருநாள் வந்தாள். அவள் முகத்தில் பாதிதான் ஜன்னலில் தெரிந்தது. மீதிப் பாதியைப் பார்க்க அவளைத் தலையைத் திருப்பச் சொன்னார்.

"பூட்ட ஒட்ச்சிட சொல்லுயா," என்றாள் லீலா.

"நானே எப்டி சொல்றது? நாலு வர்சமா ஊருக்கெல்லாம் புத்தி சொல்லினு கீறேன்."

"அப்பாவு வெரலு வேற. இத்து வேற."

அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. வியாழக்கிழமை மதியம் தகட்டை இரண்டு கையாலும் குத்தினார். "ஒட்ச்சிடுங்க சார், நான் குட்த்த பூட்டு, நானே சொல்றேன்," என்று மைக்கில் கத்தினார். வெங்கடேசன் வந்தார். குடிமகன் உணர்ச்சிவசப்படுவதைக் குழு குறித்துக்கொள்ளும் என்றார். பிறகு ஒரு கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். தகுதியுள்ள அமைச்சர் கதவைத் திறந்து வெளியே அழைக்கும் வரை திரு. கன்னியப்பன் தேசப் பணியில் இருக்கிறார் என்றும், விண்வெளியில் ஞாயிற்றுக்கிழமை இல்லாததால் எல்லா நாளும் பணி நாளே என்றும் அதில் எழுதி முத்திரை வைத்திருந்தது. தொழிற்சாலைக்கும் ஒரு நகல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு கனகலட்சுமி கைரேகை இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடி வந்தார். நல்ல பெண். தன் வேலையைப் பற்றி அவருக்கு வெட்கம் உண்டு.

"பூட்டை நாங்க தொட முடியாது கன்னியப்பன். எங்க கம்பெனி அட்டை அது. உடைச்சா எங்க கணக்குல விபத்து. கேட்டுல 'விபத்தில்லாத நாள் ஆயிரத்து நானூறு'ன்னு போர்டு இருக்குல்ல, அது சைபர் ஆயிடும். அதான் மெஷினை எடுத்துட்டு வந்தேன். கையை நீட்டுங்க."

கன்னியப்பன் கட்டை விரலை நீட்டினார். இயந்திரம் கீச்சென்றது. 'பணியிட எல்லைக்கு வெளியே' என்று எழுத்து வந்தது. தொழிற்சாலைச் சுவரிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருந்தால்தான் அந்த இயந்திரம் ரேகையை ஏற்கும். யாரும் வீட்டிலிருந்தே ரேகை வைத்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. கூண்டு அறுபது மீட்டரில் இருந்தது.

"சார், பத்து மீட்டர் தள்ளிக்கிறீங்களா? கிரேன் நாங்க தர்றோம்," என்று கனகலட்சுமி வெங்கடேசனிடம் கேட்டார்.

"கலத்தை நகர்த்துவதா? மேடம், இது தரையிறங்கும் இடமாக அறிவிக்கப்பட்ட இடம். பத்து மீட்டர் என்பது விண்வெளியில் எவ்வளவு பெரிய பிழை என்று உங்களுக்குத் தெரியுமா? நம் விஞ்ஞானிகள் நிலாவில் எவ்வளவு துல்லியமாக இறங்கினார்கள். அந்தத் துல்லியத்துக்கு ஒரகடத்தில் களங்கம் வர விட மாட்டேன்."

அவர் நெஞ்சை நிமிர்த்திப் பேசி முடிக்கும்போது மணி இரண்டேகால். ஐந்தாவது இடம் அடுத்தவருக்குப் போயிற்று. கன்னியப்பன் நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. கட்டை விரலோடு அது ஜன்னலிலேயே கொஞ்ச நேரம் நின்றது. உள்ளே அவர் அழுதுகொண்டிருந்தார். கனகலட்சுமி அந்தக் கையைப் பார்க்க முடியாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை அதே மைதானத்தில் வேறொரு பந்தல் போட ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் சிப் தொழிற்சாலைகள் வரப்போவதாகப் பேச்சு. அதனால் நாடு இனிமேல் சிப்புக்காகப் பெருமிதப்பட வேண்டியிருந்தது. வெங்கடேசன் அலுவலகப் பலகையில் பெயிண்டர் ஏறி உட்கார்ந்து 'தேசிய சிப் பெருமித வாரியம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அடியில் சின்ன எழுத்தில் 'விண்வெளி உள்பட' என்று இருந்தது. பழைய பிளெக்ஸையும் வீணாக்கவில்லை. நிலாவில் நின்றவரின் கையில் மட்டும் ஒரு சிப்பை ஒட்டினார்கள். குடுவையைக் கழற்ற நேரமில்லை.

கன்னியப்பனோடு அதே லைனில் வேலை பார்க்கும் மாரிராஜுக்கு சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஒரகடத்தில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். ஷிஃப்டு சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்து கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, பூட்ட நான் தொட மாட்டேன். ஒங்களுக்கு அது ஆகாதுன்னு தெரியும். அந்தப் பக்கத்துக் கீலை அறுத்துட்டா கதவு தன்னால வந்துரும்லா."

பந்தல்காரர்களிடம் கிரைண்டரும் இருந்தது, வெல்டிங் செட்டும் இருந்தது. சிப் விழாவின் ஜெனரேட்டரில் செருகிக்கொண்டு பத்து நிமிடத்தில் இரண்டு கீலையும் அறுத்துவிட்டான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விண்வெளிப் பக்கம் பார்க்கிற பழக்கம் அதற்குள் எல்லாருக்கும் விட்டுப்போயிருந்தது. கதவு பூட்டில் தொங்கியபடி திறந்தது. பூட்டும் அட்டையும் அப்படியே இருந்தன.

கன்னியப்பன் வெளியே வந்தார். நேராகப் பத்துத் தப்படி நடந்தார். பதினொன்றாவது தப்படியிலும் சுவர் வரவில்லை. சாலையோரக் கடையில் நின்று ஒரு டீ குடித்தார். லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின. அந்தத் தூசி அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய லீலா, அவர் தரையில் நிற்பதைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருவரும் தொழிற்சாலை கேட்டுக்குப் போய் கனகலட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாமா என்று கேட்கத்தான் போனார் கன்னியப்பன். கனகலட்சுமி அவரைப் பார்த்ததும் பதறி, செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மேடம். ஏன்?"

"ஏழு பேர் லிஸ்ட் முடிஞ்சு போச்சு. அதை விடுங்க. இந்த மாசக் கடைசியில உங்களுக்கு பிரேக். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். ஆறாவது தபா."

"இயக்குநர் ஒரு கடிதம் குடுத்தாரே, தேசப் பணின்னு. எங்க மேனேஜ்மெண்ட் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, பேப்பருக்கெல்லாம் செய்தி குடுத்துட்டாங்க. தேசப் பணியில இருக்கறவர் பேரை எடுக்க முடியாது. அமைச்சர் கதவைத் திறக்கற வரைக்கும் உங்க நாள் ஓடிக்கிட்டே இருக்கும், ஞாயிறு உள்பட. இன்னையோட உங்களுக்கு நானூத்தி முப்பது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் அம்பது முழு நாள் உள்ள இருந்தீங்கன்னா நானூத்தி எண்பது. அதுக்கப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"வெளிய வந்துட்டா?"

"வந்தா மாசக் கடைசியில வழக்கம்போல."

கன்னியப்பனுக்குக் கோபம் வந்தது. "நான் போவ மாட்டேன். அத்துக்குள்ள மனுசன் இருப்பானா? அஞ்சு நாளு உசுரே பூட்ச்சி," என்றார். கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். லீலா கேட்டுக்கு உள்ளே வரிசையாக நின்ற பைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பது நாளுதானே மேடம்?" என்று கேட்டாள்.

"ஆமா."

லீலா கணவன் பக்கம் திரும்பினாள். "பதினோரு வர்சமா வெளியதானயா நின்னே. இன்னா கண்டே?"

கன்னியப்பன் பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். செக்யூரிட்டியிடம் ஒரு தட்டு வாங்கி அதில் போட்டுத் தரச் சொல்லி, காலை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு எழுந்து கூண்டைப் பார்க்க நடந்தார். மாரிராஜ் கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெல்டிங் செட்டை வாங்கினான்.

"நெசமாத்தான் சொல்லுதீயளா அண்ணே?"

"வை."

"ஒங்கள உள்ள வச்சுப் பத்த வைக்கதுக்கு எனக்குக் கை வரமாட்டேங்கு."

"கண்ண மூடிக்கினு வைடா."

மாரிராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கீலையும் பற்ற வைத்தான். வேலை சுத்தமாக இருந்தது. அறுத்த இடமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிப் விழாவில் வெங்கடேசன் பேசியதைக் கன்னியப்பன் உள்ளிருந்து கேட்டார். பழைய உரைதான். நிலா வருகிற இடத்திலெல்லாம் சிப் என்று மாற்றியிருந்தார். கடைசியில் குரல் உயர்ந்தது. "உலகமே தயங்கியபோது, சிப்பின் தென்முனையில் துணிந்து இறங்கியது நம் நாடு." கூட்டம் பலமாகக் கைதட்டியது. மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

அந்த ஐம்பது நாளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. ஐந்து தப்படி போனார், ஐந்து தப்படி வந்தார். மழை பெய்தால் தகட்டில் விழும் சத்தத்தில் காது வலித்தது. திறப்புக் குழுவில் இருவர் ஓய்வுபெற்றார்கள். அவர்களுக்குப் பதில் இருவரைப் போட மறந்துவிட்டார்கள். பிறகு குழுவையே மறந்துவிட்டார்கள். செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்தால் இந்தப் பக்கம் வருமா என்று பார்க்க வந்த வருவாய்த் துறைக்காரர் ஒருவர், கூண்டைத் தண்ணீர்த் தொட்டி என்று எழுதிக்கொண்டு போனார். கன்னியப்பன் மறுக்கவில்லை.

அவருக்குப் புதிய பயம் ஒன்று வந்திருந்தது. யாருக்காவது விண்வெளி நினைவுக்கு வந்துவிடுமோ என்ற பயம். லீலா பேப்பர் கொண்டு வந்தால் முதலில் நிலா என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுவார். மாரிராஜ் சாயங்காலம் போனில் செய்தி பார்த்துச் சொல்வான். "சாதி இருக்கு, சிப் இருக்கு, கோயில் இருக்கு, கூட்டணி இருக்கு. நிலான்னு ஒரு வரி இல்ல அண்ணே. நிம்மதியாப் படுங்க." கன்னியப்பன் படுத்துக்கொள்வார். நாட்டின் விண்வெளி மறதி இன்னும் முப்பது நாள், இன்னும் இருபது நாள், இன்னும் ஒன்பது நாள் நீடிக்க வேண்டும் என்று எழிச்சூர் சிவனை வேண்டிக்கொள்வார். இப்படி ஒரு வேண்டுதலைச் சிவன் கேட்டிருக்க மாட்டார்.

நாற்பத்தேழாம் நாள் நாடாளுமன்றத்தில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர், பேச வேண்டிய பொருள் தீர்ந்துவிட்டதால், "நம் நிலா என்ன ஆனது?" என்று கேட்டுவிட்டார். அந்த அரை நிமிடம் எல்லார் போனிலும் சுற்றியது. ஆளும் தரப்பு நிலா எங்களுடையது என்றது. எதிர்த்தரப்பு நிலாவுக்கு அடிக்கல் நாட்டியதே நாங்கள் என்றது. இரண்டு நாள் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், விண்வெளியில் அனுபவம் உள்ளவர் என்று கால்நடை அமைச்சரையே திரும்பக் கூப்பிட்டுத் துறையைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குச் சாவி நினைவுக்கு வந்தது. சட்டை இரண்டு முறை சலவைக்குப் போயிருந்தாலும், சலவைக்காரர் நேர்மையானவர்.

ஐம்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தவிலும் நாதஸ்வரமும் கேட்டுக் கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். ஜன்னலில் வெங்கடேசனின் முகம் தெரிந்தது. ரோஜா மாலை வாசனை வந்தது.

"கன்னியப்பன், உங்கள் வேதனை முடிந்தது. அமைச்சர் வந்துவிட்டார்."

"சார், மத்தியானத்துக்கு மேல வர சொல்லக் கூடாதா? அஞ்சரைக்கு மேல? இன்னிக்குப் பொழுது முழுசா முடியணும் சார்."

"பன்னிரண்டு மணிக்கு அவருக்கு மணிமங்கலத்தில் ஆட்டுச் சந்தை திறப்பு. புன்னகையோடு வெளியே வாருங்கள். நேரலை போகிறது."

கன்னியப்பன் விரலை மடக்கி எண்ணினார். நானூற்று எழுபத்தொன்பது முடிந்திருந்தது. இன்று கதவு திறந்தால் இன்று முழு நாள் இல்லை. நாளைக்கு அவர் தேசப் பணியில் இல்லை. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தாலும் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். போன மாதம் எடுக்க முடியாத பெயரைக் கதவு திறந்த கையோடு எடுத்துவிடுவார்கள். பழைய லைனில், பழைய இயந்திரத்தில், ஆறாவது தடவையாகப் புதிய ஆள்.

வெளியே அமைச்சர் பேசினார். "இந்தக் கதவை நான் பூட்டினேன். நடுவில் சில நாள் நான் ஆடு மாடுகளோடு இருந்தேன். ஆனால் என் மனம் முழுக்க விண்வெளியில்தான் இருந்தது. இந்த மனிதரை, அவர் பெயர்," இங்கே வெங்கடேசன் காதில் சொன்னார், "கன்னியப்பனை, நான் ஒரு நாளும் மறக்கவில்லை."

பூட்டு கிளிக்கென்று திறந்தது. சிவப்பு அட்டையைக் கழற்றி, அமைச்சர் அதைக் கேமராவுக்குக் காட்டினார். கொக்கியை எடுத்தார். கதவை இழுத்தார்.

கதவு வரவில்லை.

உள்ளே கன்னியப்பன் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலைத் தகட்டில் உதைத்துக்கொண்டு நின்றிருந்தார். பல்லைக் கடித்திருந்தார். அமைச்சர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை இழுத்தார். பாதுகாவலர் ஒருவர் சேர்ந்து இழுத்தார். தவில்காரர் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் லீலா பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் கனகலட்சுமியும் நின்றிருந்தார்.

"கன்னியப்பன், விடுங்கள், நாடு பார்க்கிறது," என்று வெங்கடேசன் ஜன்னலில் வாயை வைத்துச் சொன்னார்.

மைக் உள்ளேதான் இருந்தது. கன்னியப்பன் கையை எடுக்காமல் தலையை மட்டும் சாய்த்து அதன் பக்கம் போனார். அவர் குரல் மைதானத்தின் நாலு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் தெளிவாகக் கேட்டது. மரியாதையாகத்தான் பேசினார்.

"இன்னிக்கு ஆவாதுங்க ஐயா. நாளிக்கு வாங்க."